பலகைக்கு அந்தப் பக்கம்

இது நடந்தது. எனக்கே நடந்தது. கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. என்னைத் தவிர இன்னும் சிலருக்குத் தெரியும். அவர்கள் இதைப் பற்றிப் பேச விரும்புவதில்லை. அதனால் நான் சொல்கிறேன்.

பேய் என்றால் நடுராத்திரி, சுடுகாடு, நாய் ஊளை என்று நினைப்பீர்கள். அதெல்லாம் இதில் இல்லை. மதியச் சாப்பாடு முடிந்து ஆட்கள் படுத்திருக்கிற நேரத்தில், வெளிச்சம் இருக்கும்போதே, ஜெபம் நடக்கிற ஒரு வீட்டில் ஆரம்பித்தது. அங்கே இதை யாராவது எதிர்பார்ப்பார்களா? நானும் எதிர்பார்க்கவில்லை.

என் பெயர் ஜீவிதா. சித்திரபுரத்தில் மின்வாரியக் குடியிருப்பில் வளர்ந்தவள். அப்பா பழனிச்சாமி அங்கேதான் வேலை பார்த்து ஓய்வு பெற்றார். நான் மூணாறு பக்கம் ஒரு ரிசார்ட்டில் ரிசப்ஷனில் இருக்கிறேன். அம்மாவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி வந்து, மதுரைக்கும் கோட்டயத்துக்கும் ஓயாமல் அலைந்துகொண்டிருந்தோம். அந்த அலைச்சலில்தான் மாரீஸ்வரன் எங்கள் வீட்டுக்குள் வந்தான். டூரிஸ்ட் ஜீப் ஓட்டுகிறவன். எந்த நேரம் கூப்பிட்டாலும் வருவான். அம்மாவைக் கைத்தாங்கலாக ஏற்றி இறக்குவான். அம்மா போன பிறகு நான் அழும்போது பக்கத்தில் இருந்தது அவன் மட்டும்தான். ஆறு மாதத்தில் கல்யாணம் ஆனது.

அதற்குப் பிறகு, எங்கே இருக்கிறாய் என்று போட்டோ அனுப்பச் சொல்ல ஆரம்பித்தான். ரிசப்ஷன் மேஜை தெரிய வேண்டும். பின்னால் சுவர்க் கடிகாரமும் தெரிய வேண்டும். விருந்தாளி யாரிடமாவது சிரித்துப் பேசினேன் என்று கேள்விப்பட்டால் அன்றைக்குச் சோறு வேண்டாம் என்று படுத்துவிடுவான். நான் காலைப் பிடித்துக் கெஞ்ச வேண்டும். கூட வேலை பார்த்த மோனிஷாவிடம் மனம் தாங்காமல் சிலதைச் சொன்னேன். நான் சொன்னதெல்லாம் வார்த்தை மாறாமல் அன்று சாயங்காலமே அவனிடம் போயிருந்தது. அதோடு யாரையும் நம்புவதை விட்டேன்.

ஒருநாள் கதவிடுக்கில் என் வலது கைச் சுண்டுவிரல் மாட்டியது. மாட்டியது என்றுதான் டாக்டரிடம் சொன்னேன். அப்பாவிடமும் அப்படியே. கதவைப் பிடித்து அழுத்தியது யார் என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. விரல் கோணலாகவே கூடிவிட்டது. அடுத்த வாரம் வேலைக்குக் கிளம்புகிற மாதிரி கிளம்பி அப்பா வீட்டுக்கு வந்துவிட்டேன். அப்பா ஒரு கேள்வி கேட்கவில்லை. அம்மாவின் அறையைத் திறந்து, போர்வையை உதறிப் போட்டார்.

அம்மா கடைசி வருஷத்தில் ஏசுவிடம் ஜெபிக்க ஆரம்பித்திருந்தார். எங்கள் வீட்டு மாரியம்மன் படத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சிலுவை வந்தது அப்போதுதான். அப்பா இன்றைக்கும் கோயிலுக்குப் போகிறவர். அம்மாவையும் தடுக்கவில்லை, என்னையும் தடுக்கவில்லை. அம்மாவுக்காக வீடு தேடி வந்து ஜெபித்தவர் சாந்தன்பாறையைச் சேர்ந்த சின்னத்தாயி அக்கா. நான் தூக்கமில்லாமல், ரோட்டில் ஜீப் சத்தம் கேட்டாலே உடம்பு விறைத்துப்போய்க் கிடந்த நாட்களில் அவர்தான் வந்தார்.

"மூணு நாள் எங்க ஜெப வீட்டுல வந்து இருத்தா. யார்கிட்டயும் ஒண்ணும் பேச வேணாம். மனுசங்ககிட்டப் பேசுனது போதும். உள்ள இருக்கறத அவர்கிட்ட இறக்கி வையி."

போனேன். போன ஆடி மாதம்.

சாந்தன்பாறைக்கு மேலே, ஏலத்தோட்டத்துக்கு நடுவில் இருக்கிறது அந்த வீடு. முன்பு ஏலக்காய் காய வைக்கிற ஸ்டோராக இருந்ததை வாங்கி, பலகையால் தடுத்து அறைகள் ஆக்கியிருந்தார்கள். மழை பிடித்தால் சுவரிலிருந்தே ஏலக்காய் வாசனை வரும். ஒவ்வோர் அறையிலும் ஒரு கட்டில், ஒரு ஜன்னல், ஒரு பைபிள். என்னுடையது கடைசிக்கு முந்தின அறை. கட்டில் பலகைத் தடுப்பை ஒட்டிக் கிடந்தது.

வந்திருந்தவர்கள் ஏழெட்டுப் பெண்கள். வெள்ளிக்கிழமை காலை முதல் ஞாயிறு ஆராதனை வரை மௌனம். ஒருவர் பெயர் ஒருவர் கேட்கக் கூடாது. போன்களை எல்லாம் சிஞ்சு வாங்கி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுப் பூட்டினாள். சமையலும் மற்ற வேலைகளும் பார்க்கிற மலையாளிப் பெண் அவள்.

"அத்தியாவசியம்னா மட்டும் கேட்டாப் போதும், சேச்சி. போன் தரும்."

எனக்கு அந்த ஏற்பாடு பிடித்திருந்தது. யாரும் பேசாத இடத்தில் யார் என்னை வேவு பார்க்க முடியும்?

வெள்ளிக்கிழமை மதியம் கஞ்சியும் பயறும் சாப்பிட்டுவிட்டு அறைக்கு வந்தேன். மழை கனத்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே முற்றம் பாதிதான் தெரிந்தது, மீதியைப் பனிமஞ்சு மூடியிருந்தது. கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன். அம்மா நினைவு வந்தது. தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதேன்.

"ஏன் புள்ள அழுவுற?"

பலகைக்கு அந்தப் பக்கமிருந்து. பெண் குரல். மெதுவாக, ஆனால் தெளிவாக.

திடுக்கிட்டுத்தான் போனேன். பிறகு புரிந்தது, பக்கத்து அறைக்காரி. அவளும் சுவரை ஒட்டிப் படுத்திருக்கிறாள்.

"பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க," என்றேன்.

"இம்புட்டு மெதுவாப் பேசுனா யாருக்குக் கேக்கப் போகுது? அழுகைய அடக்காத. நெஞ்சு வலிக்கும்."

எங்கள் பக்கத்துப் பேச்சு. எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்த ஒருத்தி என்று நினைத்தேன். அம்மாவைப் பற்றிக் கேட்டாள். சொன்னேன். ஆஸ்பத்திரி, கட்டி, கடைசி நாள், எல்லாம். அவள் இடையில் பேசவே இல்லை. நான் நிறுத்தினால் மட்டும், "ம்... சொல்லு," என்றாள். இரண்டு வருஷமாக யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. அன்று ஜெபத்துக்கு மணி அடித்து எழுந்து போனபோது நெஞ்சு லேசாக இருந்தது. பேசக் கூடாது என்ற கட்டளையை மீறியதற்கு மனதில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். இப்படி ஒருத்தியைப் பக்கத்தில் வைத்ததற்கு நன்றியும் சொன்னேன்.

ஆமாம். நன்றி சொன்னேன்.

ஜெபத்தில் மற்றவர்களின் முகங்களைப் பார்த்தேன். யார் அவள்? பச்சை ஸ்வெட்டர் போட்ட ஒருத்தி என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும், மெலிந்த உடம்பு. ஜெபம் முடிந்து அவள் என் பக்கத்து அறைக்குள், கடைசி அறைக்குள் போவதையும் பார்த்தேன். சரி, இவள்தான்.

அன்று விளக்கு வைக்கிற நேரத்தில் மறுபடி பேசினாள். இந்த முறை மாரீஸ்வரனைப் பற்றி. அவன் போட்டோ கேட்டது, பட்டினி கிடந்தது வரைக்கும் சொன்னேன். விரல் விஷயத்தை மட்டும் சொல்லவில்லை.

"பட்டினி கெடந்தது உன் மேல உள்ள பாசத்துலதான," என்றாள்.

எனக்கு அந்தப் பேச்சு ஒரு மாதிரி இருந்தது. புரண்டு, தலையைக் கட்டிலின் கால்மாட்டுப் பக்கம் வைத்துப் படுத்தேன்.

"கோவமா?"

குரல் என் காதுக்கு நேராக வந்தது. தலைமாட்டிலிருந்து அல்ல. நான் எங்கே தலையை வைத்தேனோ அங்கே. அவளும் திரும்பிப் படுத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் அந்தப் பக்கம் கட்டில் முனகவில்லை. எல்லாமே பழைய கட்டில்கள். என்னுடையது மூச்சு விட்டாலே முனகும்...

சனிக்கிழமை காலை தியானத்தில் சின்னத்தாயி அக்கா மன்னிப்பைப் பற்றிப் பேசினார். நமக்குத் தீங்கு செய்தவர்களை மன்னிக்காவிட்டால் அந்தப் பாரத்தை நாம்தான் சுமக்கிறோம் என்றார். எனக்கு அது சரியாகத்தான் பட்டது. மதியம் அறைக்கு வந்து படுத்த உடனே குரல் ஆரம்பித்துவிட்டது, நான் உள்ளே வருவதற்காகக் காத்திருந்த மாதிரி.

"அக்கா சொன்னதக் கேட்டேல்ல. மன்னிக்கணும்."

"மன்னிக்கத்தான் பாக்குறேன்."

"மன்னிச்சா திரும்பிப் போகணும்ல. போகாட்டி அது என்ன மன்னிப்பு?"

போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டேன்.

"ஒரே ஒரு போன் பண்ணு. அவரு மாறிட்டாரு."

"அது உங்களுக்கு எப்புடித் தெரியும்?"

அதைக் காதில் வாங்காத மாதிரி, அதே அன்பான குரலில் கேட்டாள்.

"மழைக்குச் சுண்டுவெரலு வலிக்குதா?"

விரலைப் பற்றி நான் சொல்லவே இல்லை. கோணலாக இருப்பதை வேண்டுமானால் யாரும் பார்க்கலாம். ஆனால் அடுத்து அவள் சொன்னது...

"கதவ வேணும்னேவா அமுக்குனாரு? ஏதோ கோவம்."

அது தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர். நானும் அவனும்.

அப்போது என் புத்திக்குப் பேய் என்று எதுவும் தோன்றவில்லை. மாரீஸ்வரன் ஆள் அனுப்பியிருக்கிறான் என்றுதான் தோன்றியது. மோனிஷாவைப் பிடித்த மாதிரி இவளையும் பிடித்திருக்கிறான். என் வாயைக் கிளற பக்கத்து அறையில் கொண்டுவந்து வைத்திருக்கிறான். அறையைக் கொடுத்தது யார்? சிஞ்சு. அப்படியானால் சிஞ்சுவும் உடந்தையா? என்னை இங்கே வரச் சொன்னது சின்னத்தாயி அக்கா. அப்படியானால் அவர்...

பயத்தைவிட ஆத்திரம் அதிகமாக இருந்தது. ஜெபத்துக்குப் போகவில்லை. தேநீர் நேரத்தில் மட்டும் வெளியே வந்து, தூணோரம் நின்று பச்சை ஸ்வெட்டர்காரியைக் கவனித்தேன். அவள் பால் விடாத கட்டன் சாயாவைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றாள். சிஞ்சு அவளிடம் வந்து போன் டின்னைக் காட்டி ஏதோ சைகை செய்தாள். அவள் தலையாட்டினாள். பிறகு வாசல் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆக, போன் பேசியிருக்கிறாள். யாருக்கு?

அறைக்குத் திரும்பி, கதவைத் தாழிட்டு, ஜன்னலோரம் நின்றேன். கட்டிலில் படுக்கவில்லை. ஆறு மணிகூட ஆகியிருக்காது. ஆனால் மழை இருட்டு. கரண்ட் வேறு போயிருந்தது.

"வந்துட்டியா."

பலகையிலிருந்து. அவள் பேசட்டும், எல்லாவற்றையும் பேசட்டும், நாளைக்கு அக்கா முன்னால் நிறுத்திக் கேட்கலாம் என்று வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

"போன் பண்ணு. இன்னைக்கே பண்ணு. உங்கம்மா இருந்தா இதத்தான் சொல்லியிருக்கும்."

அப்போதுதான் ஜன்னல் வழியாக அவளைப் பார்த்தேன்.

பச்சை ஸ்வெட்டர்.

முற்றத்துக்கு அந்தப் பக்கம், குளியலறைகள் இருக்கிற இடத்திலிருந்து வந்துகொண்டிருந்தாள். ஒரு கையில் குடை. மறு கையில் வாளி. மழையில் மெதுவாக, வழுக்காமல் கால் பார்த்து வைத்து வந்தாள்.

"தனியாக் கெடந்து என்ன பண்ணப் போற?" என்றது பலகை.

அவள் வாய் அசையவில்லை. அவள் முற்றத்தின் நடுவில் இருந்தாள்.

"அவருகூடப் போயிரு."

அவள் என் ஜன்னலைக் கடந்தாள்.

பக்கத்து அறையின் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. வாளி தரையில் உட்கார்ந்தது. குடையை உதறினாள். கட்டில் முனகியது.

இப்போதுதான் அறைக்குள் வந்திருக்கிறாள்.

அப்படியானால் இவ்வளவு நேரம்...

என் கை தானாக வாயைப் பொத்தியது.

அந்தப் பக்கமிருந்து ஒரு விசும்பல். பிறகு அவள் பேசினாள். முதல் தடவையாக அவளுடைய சொந்தக் குரலைக் கேட்டேன். உடைந்த, கனத்த குரல். எங்கள் பக்கத்துப் பேச்சே இல்லை. கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பேச்சு.

"செரிங்க... நீங்க சொன்னாப்பலயே போன் பண்ணிட்டனுங்க. பொழுது சாயறதுக்குள்ள வந்துருவாருங்க."

பதில் சொல்கிறாள்.

யாருக்கு?

நான் ஒரு வார்த்தை பேசவில்லை. என் கை என் வாயில் இருக்கிறது.

"ஆனா பயமா இருக்குதுங்கக்கா..."

கொஞ்சம் இடைவெளி. யாரோ சொல்வதைக் கேட்கிற இடைவெளி.

"செரிங்க."

ஏசப்பா என்று மட்டும் வந்தது என் வாயில். எப்படித் தாழைத் திறந்தேன், எப்படி வராந்தாவுக்கு வந்தேன் என்று நினைவில்லை. பக்கத்து அறைக் கதவை இரண்டு கையாலும் தட்டினேன். அவள் திறந்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் சிரிக்க முயன்றாள்.

"நீங்கதானுங்களா... ரொம்ப நன்றிங்க. ரெண்டு நாளா நீங்க ஆறுதல் சொல்லலீன்னா..."

"நான் என்ன சொன்னேன்?"

"ஊட்டுக்காரரோட போயிரச் சொன்னீங்களேங்க. அடுத்த கொழந்த பொறந்தா எல்லாஞ் செரியாப் போயிரும்னு."

"இல்லீங்க. நான் உங்ககிட்டப் பேசவே இல்ல. நீங்கதான் எங்கிட்டப் பேசுனீங்க."

அவள் முகம் மாறியது. என்னையே பார்த்தாள்.

"ஏனுங்க... உங்க பேச்சே வேறயா இருக்குதே. அந்தக்கா எங்கூர்ப் பேச்சல்லோ பேசுனாங்க."

இருவரும் வராந்தாவில் நின்றோம். அவள் அறை திறந்திருந்தது. என் அறையும் திறந்திருந்தது. நடுவில் பலகை.

பலகை பேசியது.

"உள்ள வாங்க. சாரலடிக்குது."

அவள் என் கையைப் பிடித்தாள். எனக்குக் கேட்டது அவளுக்கும் கேட்டிருக்கிறது. அவள் கை ஐஸாக இருந்தது. என் கையும் அப்படித்தான் இருந்திருக்கும்.

ஓடினோம்.

ஜெப அறையில் சின்னத்தாயி அக்காவும் சிஞ்சுவும் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் மூச்சு வாங்கச் சொன்னதை அக்கா முழுதாகக் கேட்டார். ஆனால் நம்பவில்லை.

"குடும்பம் ஒண்ணு சேரப் போற நேரத்துல சத்துரு இப்படித்தான் ஆத்தா கொழப்புவான். வனிதா காலைல போன் பண்ணிருக்கா, அவ வீட்டுக்காரரு கொழிஞ்சாம்பாறையிலருந்து கெளம்பி வந்துக்கிட்டு இருக்காரு. நான் அதுக்குத்தான் ஸ்தோத்திரம் பண்ணிக்கிட்டு இருக்கேன்."

அவள் பெயர் வனிதா என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

கேட்டில் ஹார்ன் அடித்தது. வனிதா என் பின்னால் நகர்ந்தாள். அவள் எடுத்து வைத்த அந்த அடியை நான் அறிவேன். மாரீஸ்வரனின் ஜீப் சத்தத்துக்கு என் கால் அப்படித்தான் நகரும்.

"அக்கா," என்றேன். சுண்டுவிரலை மெழுகுவர்த்திக்கு நேராக நீட்டினேன். "இது கதவுல தானா மாட்டல. அவன் கதவப் பிடிச்சு அமுக்குனான். யார்கிட்டயும் சொன்னதில்ல. அந்தக் குரலுக்கு இது தெரியும். தெரிஞ்சும் என்னத் திரும்பிப் போகச் சொல்லுது. கடவுளுகிட்டருந்து வர்ற குரல் அப்படிச் சொல்லுமாக்கா?"

அக்கா என் விரலைப் பிடித்துப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு வனிதாவிடம் திரும்பி, இரண்டு நாளாக அங்கே யாரும் அவளிடம் கேட்காத ஒன்றைக் கேட்டார்.

"நீ போக விரும்புறியாத்தா?"

வனிதா ஸ்வெட்டர் கையை முழங்கைக்கு மேலே சுருட்டினாள். வட்ட வட்டமாக, புதிதும் பழையதுமாகச் சுட்ட தழும்புகள்.

"கொழந்த வயித்துலயே தவறிப்போச்சுங்க. என்னாலதான்னு சொல்லிச் சொல்லி..." அதற்கு மேல் அவளால் முடியவில்லை. "போகலீங்கக்கா."

சின்னத்தாயி அக்கா குடையை எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போனார். நாங்கள் கதவோரம் நின்று பார்த்தோம். அந்த ஆள் கும்பிட்டான். கையில் பூ வைத்திருந்தான்.

"கூட்டிட்டுப் போலாம்னு வந்தனுங்க."

"அவ வரலப்பா."

"அவதாங்க கூப்புட்டா."

"இப்ப வரலங்குறா."

அவன் குரல் உயர்ந்தது. பூவைக் கீழே போட்டான். கேட்டை உலுக்கினான். அக்கா அசையவில்லை. சிஞ்சு போலீஸுக்குப் போன் போட்டுக்கொண்டே சத்தமாக மலையாளத்தில் பேசியது கேட்டதும், கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினான். வெளிச்சம் வளைவில் மறையும் வரை அக்கா மழையில் அங்கேயே நின்றார்.

அன்று எல்லோரும் ஜெப அறையிலேயே பாய் போட்டுப் படுத்தோம். மௌனம் போதும் என்று அக்கா சொல்லிவிட்டார். பெண்கள் பேசினார்கள். ஒருவர் முகம் ஒருவர் பார்த்து, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில். நானும் பேசினேன். அக்கா என் தலையில் கை வைத்து ஜெபித்தார். முடித்தபோது அவர் குரல் உடைந்திருந்தது.

"மன்னிக்கறது வேறத்தா. திரும்பிப் போறது வேற. இத நான் காலைல சேத்துச் சொல்லியிருக்கணும்."

அன்றைக்கு நான் தூங்கினேன். பல மாதத்துக்குப் பிறகு, கனவில்லாமல்.

இப்போது பரவாயில்லை. மாரீஸ்வரன் மேல் வழக்கு நடக்கிறது. வேலைக்குப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனைக்குப் போகிறேன், அப்பா ரோடு வரை வந்து பஸ் ஏற்றிவிடுகிறார். வனிதா பொள்ளாச்சியில் அவள் அக்கா வீட்டில் இருக்கிறாள். வாரம் ஒரு தடவை பேசிக்கொள்கிறோம், வீடியோவில் மட்டும். வெறும் குரல் என்றால் எங்கள் இருவருக்குமே ஆகாது.

அந்தப் பலகைத் தடுப்பை அடுத்த வாரமே பிரித்துவிட்டார்கள். பிச்சைமணி என்ற தச்சர் பிரித்தார். அது ஒன்று மட்டும் ஸ்டோராக இருந்த காலத்துப் பழைய தடுப்பு; சூடு வெளியே போகாமல் இருக்க இரட்டைப் பலகை வைத்து, நடுவில் மரத்தூள் கொட்டியிருக்கிறார்கள். நடுவில் இருந்த இடைவெளி நாலு விரல் அகலம். ஒரு பூனைகூட நிற்க முடியாது. மரத்தூளைத் தவிர உள்ளே ஒன்றும் இல்லை. ஆனால் பலகைகளின் உள்பக்கம், இரண்டிலும், கட்டில் உயரத்தில் தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை வழவழவென்று தேய்ந்திருந்ததாம். கன்னம் வைத்துத் தேய்த்த மாதிரி. பிச்சைமணி அந்தப் பலகைகளை விறகுக்குக்கூட எடுத்துப் போகவில்லை.

இதையெல்லாம் சொல்லவந்த அன்றுதான் சின்னத்தாயி அக்கா மற்றொன்றையும் சொன்னார். சித்திரபுரத்தில் எங்கள் வீட்டில், அம்மா படுத்திருந்த அறையில் உட்கார்ந்து சொன்னார்.

அந்த ஜெப வீட்டுக்கு ஊரில் ஒரு பெயர் உண்டாம். பிரிந்த குடும்பங்கள் அங்கே போனால் சேர்ந்துவிடும் என்று. எத்தனையோ பெண்கள் பாதியிலேயே போன் கேட்டு வாங்கி, புருஷனை வரவழைத்து, சந்தோஷமாகக் கிளம்பிப் போயிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் அக்கா சபையில் சாட்சி சொல்லி நன்றி செலுத்தியிருக்கிறார். இப்போது உட்கார்ந்து யோசித்தபோதுதான் அவருக்கு உறைத்திருக்கிறது. அப்படிப் போனவர்கள் எல்லோரும் அந்த இரண்டு அறைகளில் தங்கியவர்கள்.

அன்றிலிருந்து அவர்களை ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். சில எண்கள் உபயோகத்தில் இல்லை. சிலதில் ஆண்கள் எடுத்து, அவள் வேலையாக இருக்கிறாள் என்று வைத்துவிட்டார்கள். வண்டன்மேட்டுப் பெண் ஒருத்தி மட்டும் பேசினாளாம். முதலில் யாரோ எடுத்த சத்தம். பேச்சு இல்லை. பிறகு அவள் குரல், தெளிவாக.

"நல்லா இருக்கேங்க்கா. அவரு மாறிட்டாரு."

அக்காவுக்கு நிம்மதி. ஒருத்தியாவது நன்றாக இருக்கிறாளே என்று, அடுத்த நாளே பழம் வாங்கிக்கொண்டு வண்டன்மேட்டுக்குப் பார்க்கப் போயிருக்கிறார்.

அந்தப் பெண் இறந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. மாடிப்படியில் விழுந்தாள் என்று புருஷன் சொன்னதாக அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். சொல்லும்போது யாரும் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த வீட்டில் அவன் மட்டும்தான் இருக்கிறான். வேறு பெண் யாரும் அங்கே இல்லை.

அவன் கதவைத் திறந்தபோது, பல நாள் தூங்காதவன் மாதிரி இருந்தானாம். சுவரை விட்டு விலகி, அறையின் நட்டநடுவில் கட்டில் போட்டிருந்தான். அக்கா கேட்டிருக்கிறார்.

"நேத்து நான் போன் பண்ணப்ப பேசுனது யாருப்பா?"

அவன் அக்காவையே பார்த்துக்கொண்டு நின்றானாம். பிறகு மெதுவாகக் கேட்டானாம்.

"உங்களுக்கும் கேட்டுச்சா?"